எப்ப சிஸ்டர்

எங்கள் குருநகர்க் கரையில் வீட்டை விட்டு வெளிக்கிடும் எவரும் "போறன்" என்று சொல்லமாட்டார்கள். கடைக்கென்றாலும் கடலுக்கென்றாலும் கொழும்புக்கென்றாலும் "போட்டு வாறன்"தான். போகிற சொல்லை மட்டும் வாயில் எடுத்தால் போனது போனதாகிவிடும் என்று ஒரு பயம். சைவக்காரருக்கும் அந்தப் பயம் உண்டு, கத்தோலிக்க வேதக்காரரான எங்களுக்கும் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளை வேலியோரம் ஒன்றுக்கிருக்கப் போனாலும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகும். கேட்பவர்கள் "ஓம், போட்டு வா" என்பார்கள். அதோடு கதை முடிந்தது.

கன்னியர் மடத்துச் சிஸ்டருக்கு அதோடு முடியாது. "போட்டு வாறன் சிஸ்டர்" என்று யார் சொன்னாலும் கையில் இருப்பதைக் கீழே வைப்பார். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். "எப்ப?" என்று கேட்பார்.

பகிடிக்குக் கேட்பதென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அவருக்கு உண்மையாகவே தெரியவேண்டும். மீன்காரியிடம் கேட்பார். தபால்காரரிடம் கேட்பார். ஒருமுறை வேறு ஊரிலிருந்து திருநாளுக்குப் பிரசங்கம் வைக்க வந்த பெரிய சாமியார் ஒருவர் காரில் ஏறும்போது, "அப்ப போட்டு வாறன் சிஸ்டர்" என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டார். "எப்ப சுவாமி?" என்று இவர் கேட்க, அந்த மனிதர் ஒரு காலைக் காருக்குள்ளும் ஒரு காலை வெளியிலும் வைத்தபடி திருதிருவென்று முழித்தார். கோயில் வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மடத்தில் வைத்த பெயர் ஒன்று, தகப்பன் வைத்த பெயர் ஒன்று என்று அவருக்கு இரண்டு பெயர் இருந்தது. இரண்டாலும் நாங்கள் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளாகிய எங்களுக்கு அவர் "எப்ப சிஸ்டர்". அது அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். குள்ளமான மனுஷி. வீங்கின கணுக்கால். வெள்ளை உடுப்பில் எப்போதும் காபோலிக் சவர்க்கார வாசம். வெயிலுக்கும் மழைக்கும் ஒரே கறுப்புக் குடை, அதில் இரண்டு கம்பி எப்போதோ உடைந்துபோனது.

கன்னியர் மடத்தோடு சேர்ந்தாற்போல ஒரு வயோதிபர் மடம் இருந்தது. அதுதான் அவர் பொறுப்பு. பிள்ளையில்லாத கிழவிகள், பிள்ளை இருந்தும் இல்லாத கிழவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர். அதுகளைக் குளிப்பாட்டுவது, மலம் அள்ளுவது, நகம் வெட்டுவது எல்லாம் அவர்தான். மிச்ச நேரத்தில் ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாக வந்து புண்ணுக்கு மருந்து கட்டுவார். பிள்ளைப்பெறு வீட்டுக்கும் வருவார், செத்த வீட்டுக்கும் வருவார். ஆனால் ஒரு ஆறுதல் வார்த்தை? மருந்துக்கும் வராது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தபோது தாய்க்காரி காலைப் பிடித்துக்கொண்டு, "மாறிடும்தானே சிஸ்டர்?" என்று கேட்டாள். மற்ற யாரென்றாலும் "ஓம் ஓம்" என்றிருப்பார்கள். இவர், "தெரியாது பிள்ளை. இரவைக்கும் வந்து பாக்கிறன்" என்றார். இரவு வந்தார். விடியும்வரை ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டார். குழந்தை பிழைத்தது. அப்போதும் "நான் சொன்னனான்தானே" என்று அவரால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் சொல்லவில்லை.

செத்த வீடுகளில் "எல்லாம் ஆண்டவற்றை சித்தம்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவுவார்.

"உந்த மனிசிக்கு வாயாலை ஆறுதல் வராது, கையாலைதான் வரும்" என்று என் அம்மா சொல்லுவார். அப்போதெல்லாம் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

சிஸ்டர் தான் விடைபெறும்போது சொல்லுவதும் அதே கணக்குத்தான். திரும்பி வருவது நிச்சயம் என்றால் "வாறன்". நிச்சயமில்லை என்றால், வீட்டுக்காரர் நெஞ்சில் கைவைக்க வைக்க, பச்சையாக "போறன்" என்பார். அதற்காகச் சில வீடுகளில் அவரை வாசலுக்கு வரவிடாமல் பின்பக்கத்தால் அனுப்பிவைப்பார்கள்.

எண்பத்துமூன்றில், கொழும்பில் அடித்துத் துரத்தப்பட்ட சனங்கள் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கிய நேரம், எங்கள் பள்ளிக்கூடம் முழுக்க அகதிகள். எனக்குப் பதின்மூன்று வயது. சிஸ்டர் பழைய சேலைகளைக் கிழித்துக் கைக்குழந்தைகளுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தார். நானும் கொஞ்ச நேரம் கிழித்தேன். வெளிக்கிடும்போது வழக்கம்போலச் சொன்னேன். வழக்கம்போலக் கேட்டார்.

"நாளைக்கு நாலு மணிக்கு" என்றேன், தப்புவதற்காக.

நாலு மணிக்கு நான் சிநேகிதி வீட்டில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சிஸ்டர் என்னிடம் வந்தார். ஏசுவார் என்று ஆயத்தமாக நின்றேன்.

"நான் ஆறு மணி மட்டும் படலையடியிலை நிண்டனான் பிள்ளை. உனக்கு ஏதும் நடந்துபோச்சோ எண்டு பயந்துபோனன்."

அவ்வளவுதான். ஏசியிருந்தால் மறந்திருப்பேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் நிற்கச் சொல்லி யார் கேட்டது? இதை அவரிடமே கேட்டேன். என் வாய் அந்த வயதில் அப்படி.

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "நாங்கள் மடத்திலை சேரேக்கை வார்த்தைப்பாடு எண்டு குடுக்கிறனாங்கள். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிவு எண்டு மூண்டு. அந்த மூண்டும் வார்த்தை எண்டால் மற்றச் சொல்லுகள் மட்டும் என்ன, காத்தோ?"

எனக்கு விளங்கவில்லை. "உங்களோடை கதைக்கேலாது சிஸ்டர்" என்றுவிட்டு, போட்டு வாறன் என்று சொல்லாமலே ஓடிவந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் நேவிக்காரர் கடலைப் பூட்டினார்கள். இன்ன தூரத்துக்கு மேல் போகக்கூடாது, இன்ன நேரத்துக்குப் பிறகு போகக்கூடாது, கடைசியில் போகவே கூடாது என்று ஆயிற்று. கரையில் வள்ளங்கள் வெயிலில் காய்ந்து வெடித்தன. எங்கள் வீட்டில் மத்தியானத்தில் மட்டும் உலை வைத்தோம். என் அப்பாவுக்குக் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாது. சும்மா இருக்கமுடியாமல் களப்புக் கரையில் கெளிறு பிடிக்கப் போய்க் காலில் முள் ஏற்றிக்கொண்டு வந்தார். பாதம் வீங்கிச் சீழ் வைத்தது. சிஸ்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கழுவிக் கட்டினார்.

அந்தப் பின்னேரம் கட்டி முடித்து, கத்தரிக்கோலைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா வலையை எடுத்து மடிக்கத் தொடங்கியிருந்தார். இன்னும் இரண்டு பேரோடு அன்றைக்கு எப்படியும் கடலில் இறங்குவதென்று முடிவு. சிஸ்டர் எழும்பி, உடுப்பைத் தட்டிவிட்டு, வாசலில் நின்று சொன்னார்:

"அப்ப நான் போறன்."

அம்மா குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு பாய்ந்து வந்தார். "தொழிலுக்கு வெளிக்கிடுற மனிசனுக்கு முன்னாலை நிண்டு என்ன சொல்லுறியள் சிஸ்டர்! வாறன் எண்டு சொல்லுங்கோ!"

"நாளையிண்டைக்கு மடத்திலை ஆக்களில்லை பிள்ளை. வரேலுமோ தெரியாது. எப்பிடி வாறன் எண்டு சொல்லுறது?"

"வாயாலைதானே சிஸ்டர் சொல்லச் சொல்லுறன்! காசோ கேக்கிறன்?"

அப்பாவுக்குச் சிரிப்பு. "விடப்பா, அவவுக்குப் பதிலா நான் சொல்லுறன்" என்று வலையைத் தோளில் போட்டார். "போட்டு வாறன், சிஸ்டர்."

சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். பழக்கதோஷம்.

"எப்ப?"

"விடியப்புறம். காலமைப் பூசைக்கு மணி அடிக்க முன்னம் நான் கரையிலை நிப்பன்."

அப்பா நொண்டி நொண்டிப் போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. புதுக்கட்டு வெள்ளையாகத் தெரிந்தது. நனைக்காதேங்கோ என்று சிஸ்டர் பின்னாலிருந்து சொன்னார். கடலுக்குப் போகிற மனிதனிடம்.

காலையில் நாங்கள் கரைக்கு ஓடியபோது சிஸ்டர் எங்களுக்கு முன்பே அங்கே நின்றார். பூசை மணி அடித்து ஓய்ந்தது. அவர் பூசைக்குப் போகவில்லை. பூசை நேரத்தில் அவரைக் கோயிலுக்கு வெளியே நான் கண்டது அன்றுதான் முதல். இரவு கடற்பக்கம் வெளிச்சம் தெரிந்ததென்றும் வெடிச்சத்தம் கேட்டதென்றும் சிலர் சொன்னார்கள், இல்லையென்று சிலர் சொன்னார்கள். வள்ளமும் வரவில்லை, பலகைத் துண்டும் வரவில்லை. மூன்று நாள் அம்மா மணலில் உருண்டு கத்தினார். மூன்று நாளும் சிஸ்டர் மடத்து வேலை முடித்து வந்து, கிழிந்த குடையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றார்.

மூன்றாம் நாள் பின்னேரம், நான் கேட்காமலே, கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பதினெட்டு வயதிலை நான் மடத்துக்கு வெளிக்கிடேக்கை என்னைப் பெத்த அப்பு படலையடியிலை நிண்டவர். போட்டு வாறன் அப்பு எண்டு சொன்னன். 'எப்ப மோனை?' எண்டு கேட்டார். அந்தக் காலத்திலை மடத்துக்குள்ளை போனால் வீட்டை வரேலாது, சட்டம் அப்பிடி. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான். அவர் செத்ததுக்கும் என்னை விடேல்லை. கடைசி மட்டும் ஆர் படலையைத் திறந்தாலும் எழும்பிப் பாப்பாராம்."

நான் அவரைப் பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன். குடையை மடக்கி, "கிழவியளுக்குக் கஞ்சி காய்ச்சவேணும். நான் போறன்" என்று நடந்துவிட்டார்.

அம்மா அவரை மன்னிக்கவில்லை. அந்த ஒரு சொல்தான் மனிதனைக் கொண்டுபோனது என்று ஒழுங்கை முழுக்கச் சொன்னார். அதே அம்மாதான் மாதம் தவறாமல் மடத்துக்குப் போய் சிஸ்டருக்கு முன்னால் நிற்பார். நானும் கூடப் போவேன்.

"சொல்லுங்கோ சிஸ்டர். அவர் வருவாரோ, வரமாட்டாரோ?"

"எனக்குத் தெரியாது பிள்ளை."

"அப்ப செத்துப்போனார் எண்டு சொல்லுங்கோ. தாலியைக் கழட்டிறன்."

"அதுவும் எனக்குத் தெரியாது."

அம்மா ஏசுவார், காறித் துப்புவார், அழுவார். சிஸ்டர் நின்று கேட்பார். பிறகு நாங்கள் வீட்டுக்கு வருவோம். கூடப்போன இருவரின் பெண்சாதிகளும் ஒரு வருடத்தில் செத்தவர்களுக்கான பூசை கொடுத்து வெள்ளை உடுத்துவிட்டார்கள். அம்மா கொடுக்கவில்லை. ஊர் அவருக்கு ஆயிரம் ஆறுதல் சொல்லிற்று. இந்தியாக் கரையில் ஒதுங்கியிருக்கிறார்களாம், அங்கே மறியலில் வைத்திருக்கிறார்களாம், இராமேஸ்வரத்தில் ஒருவர் கண்டாராம், காலில் கட்டும் இருந்ததாம். அம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்பார். அவர்கள் போனபிறகு என்னிடம் சொல்லுவார்: "உவையள் சொல்லுறது வாய்க்கு. உந்தச் சிஸ்டர் ஒருக்காச் சொல்லட்டும், வருவார் எண்டு. நம்புறன்."

இதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

எனக்குக் கலியாணம் நடந்த வருடம் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனது. வலது கை மட்டும் நல்ல பலம். கோபம் வந்தால் அந்தக் கையால் கட்டில் சட்டத்தை உலுப்புவார். சிஸ்டர் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வரத்தொடங்கினார். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள, அவர் முதுகைத் துடைத்துப் பவுடர் மா பூசிவிடுவார். இரண்டு பேரும் கதைப்பதில்லை. அந்த ஒரு கேள்வியைத் தவிர. அது இப்போது மாதம் ஒருமுறையிலிருந்து நாளுக்கு ஒருமுறையாகி இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு ஆமி இருந்த கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியது. கோட்டை எங்களுக்குக் கூப்பிடு தூரம். வானத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் குண்டு போட்டார்கள். ஒழுங்கை ஒரே நாளில் காலியாயிற்று. எங்களிடம் ஒரு சைக்கிள், எட்டு மாதக் கைக்குழந்தை. கணவரின் சொந்தக்காரர் வட்டுக்கோட்டையில் இருந்தார்கள். குழந்தையை முன்னாலும் என்னைப் பின்னாலும் ஏற்றினால் சைக்கிள் நிறைந்துவிட்டது. அம்மாவை, உடனே திருப்பித் தருவதாக இரவல் வாங்கிய தள்ளுவண்டிலில் வைத்து மடத்துக்குக் கொண்டுபோனோம்.

கிழவர்களோடு சிஸ்டர் அங்கேதான் இருந்தார். மற்றக் கன்னியர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு அனுப்பியிருந்தார்கள். வீதியைப் பார்த்த யன்னலோரமாக ஒரு கட்டிலை இழுத்துப்போட்டு அம்மாவைக் கிடத்தினார்.

"வண்டில் ஒண்டு ஒழுங்குபண்ணிக்கொண்டு வந்து ஏத்துறம் சிஸ்டர்" என்றேன். "போட்டு வாறன்."

"எப்ப?"

"நாளையிண்டைக்கு."

அம்மா கேட்டுக்கொண்டு கிடந்தார். நல்ல கையால் என் சேலையைப் பிடித்து, விட்டார்.

நான் போன இரவே குழந்தைக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. மருந்தில்லை. நான் சொன்ன நாளை மறுநாள் வந்து போனது. பிறகு பாதையில் ஷெல் என்றார்கள். பிறகு வண்டில் இல்லை என்றார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது, எல்லாம் உண்மையான காரணம்தான். ஆனால் அந்த நாட்களில் சைக்கிளில் யாழ்ப்பாணம் போய்வந்த ஆட்களும் இருந்தார்கள். ஒரு துண்டு எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். தோன்றியது. எழுதினால் 'எப்ப' என்பதை எழுதவேண்டும், அதற்குப் பயந்தேன்.

பதினோராம் நாள்தான் போனேன். மடத்து முன்விறாந்தை இல்லை. யன்னல் இருந்த சுவர் இல்லை. சிஸ்டர் முற்றத்தில் செங்கல் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மா செத்துப்போனா பிள்ளை. செவ்வாய்க்கிழமை காலமை. கோயில் வளவுக்குள்ளை தாட்டிருக்கிறம். இரு, சொல்லுறன்."

அவரே சொன்னார். மூன்றாம் நாள் முழுக்க அம்மா யன்னலால் பார்த்துக்கொண்டு கிடந்தாராம். நாலாம் நாளிலிருந்து வாய் திறக்கவில்லை, சாப்பாட்டுக்கும் திறக்கவில்லை. கஞ்சியைக் கரண்டியால் விட்டால் கடைவாயால் வழியவிட்டார். அப்படியே நாலு நாள். எட்டாம் நாள் பின்னேரம், திங்கட்கிழமை, ஒரே ஒருமுறை வாய் திறந்து அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார். "அவர் வருவாரோ சிஸ்டர்?"

"நான் ஓம் எண்டு சொன்னன்" என்றார் சிஸ்டர். "வாறார் எண்டு சொன்னன். தகவல் வந்தது எண்டு சொன்னன்."

அம்மா அவரை நெடுநேரம் பார்த்தாராம். பிறகு கேட்டாராம்: "எப்ப?"

சிஸ்டர் இதைச் சொல்லும்போது ஒரு கையால் மற்றக் கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு விடிய எண்டன். பூசைக்கு மணி அடிக்க முன்னம். அது என்ரை வாயிலை வந்தது, என்னெண்டு வந்ததெண்டு தெரியாது. அவ ஒரு கோப்பை கஞ்சியும் குடிச்சா. தலையை வாரி இழுத்துவிடச் சொன்னா. உடுப்பு மாத்தச் சொன்னா. என்ரை கன்னத்தைத் தடவினா பிள்ளை. அஞ்சு வருசத்துக்குப் பிறகு என்னோடை சிரிச்சுக் கதைச்சா."

விடிய ஷெல் அடி தொடங்கியது. சிஸ்டரும் கிணறு இறைக்கிற மனிதருமாகக் கிழவர்களைத் தூக்கிக் கோயிலுக்குள் கொண்டுபோனார்கள். கல்லுச் சுவர், அங்கே தாங்கும். அம்மாவைத் தூக்கப் போனால் அவர் யன்னல் கம்பியை அந்த ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டார். "அவர் வந்து தேடுவார். என்னைக் காணாட்டில் திரும்பிப் போடுவார்." சிஸ்டர் விரல் விரலாகப் பிரித்தாராம். பிரிக்கப் பிரிக்க மறுபடி பிடித்தாராம்.

"நான் சொன்னது பொய் எண்டு கத்தினன். அவர் வரமாட்டார், நான் பொய் சொன்னனான் எண்டு கத்தினன். அவ சிரிச்சா. 'நீங்கள் பொய் சொல்லமாட்டியள் சிஸ்டர்' எண்டா."

இன்னும் ஒரு குருட்டுக் கிழவி மிச்சம் இருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி ஓடிவருவதற்குள் ஷெல் விழுந்துவிட்டது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். குழந்தை என் இடுப்பில் இருந்து செங்கல் அடுக்கைப் பார்த்துக் கைநீட்டியது. எனக்கு யாரையாவது கொல்லவேண்டும்போல இருந்தது. கிட்ட நின்றவர் அவர்தான்.

"நீங்கள் சொல்லாட்டில் அவ வந்திருப்பா" என்றேன். "அஞ்சு வருசம் கெஞ்சினா. அப்ப சொல்லேல்லை. சொல்லக்கூடாத நாளாப் பாத்துச் சொன்னியள். நீங்கள்தான் கொண்டனீங்கள்."

"ஓம்" என்றார் சிஸ்டர்.

மறுப்பார் என்று பார்த்தேன். அவரிடம் ஒரு மறுமொழி இருந்தது. 'நாளையிண்டைக்கு எண்டு சொல்லிப்போட்டு நீ வரேல்லையே பிள்ளை. வந்திருந்தால் நான் ஏன் பொய் சொல்லுறன்?' அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மனுஷி அதைச் சொல்லவில்லை. உண்மை பேசுவதற்கென்றே பிறந்த அந்த வாய் அந்த ஒரு உண்மையை மட்டும் விழுங்கிக்கொண்டது. நான் படலையால் வெளியே வந்தேன். அன்றைக்கு நான் எதுவும் சொல்லிக்கொண்டு வரவில்லை.

சண்டை ஓய்ந்து ஊர் திரும்பியும், ஐந்து வருடம் மடத்துப் பக்கம் போகவில்லை. பூசைக்குக்கூட வேறு கோயில். ஆனாலும் சின்ன ஊர், காதில் விழும். ஞாயிறு வகுப்பை விட்டுவிட்டார் என்றார்கள். பூசையில் நற்கருணை வாங்க எழும்புவதில்லை, கடைசி வாங்கில் இருந்துவிட்டுப் போகிறார் என்றார்கள். மடத்துப் பெரியவர் வேறு ஊருக்கு மாற்றித் தரலாம் என்றபோது வேண்டாம் என்றாராம். இரவில் ஒருமுறையாவது நினைப்பேன், நாளைக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்று. நான் வரவில்லை சிஸ்டர், பிழை என்னுடையதுதான் என்று. ஐந்து வருடத்தில் எத்தனை நாளைகள் இருந்தன.

தொண்ணூற்றைந்தில், ஐப்பசி மழையில், ஆமி நெருங்கிவிட்டது, எல்லோரும் உடனே வெளிக்கிடுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். யாழ்ப்பாணம் முழுக்கத் தெருவில் இறங்கியது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போகவேண்டும். கணவர் சைக்கிளில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். "அஞ்சு நிமிசம் நில்லுங்கோ" என்றுவிட்டுப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு மடத்துக்கு ஓடினேன்.

படலை திறந்து கிடந்தது. உள்ளே குசினியில் புகை. சிஸ்டர் குந்தியிருந்து பெரிய பானையில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார். மெலிந்து பாதியாகியிருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கம் நூலால் கட்டியிருந்தது.

"சிஸ்டர், வெளிக்கிடேல்லையோ? எல்லாரும் போகினம்."

"பதினொரு பேர் இருக்கினம். ஆர் தூக்கிறது?"

மழை தகரத்தில் கொட்டியது. பிள்ளை என் கையை இழுத்தது. அம்மா பிடித்திருந்த யன்னல் இருந்த இடத்தில் இப்போது புதுச் சுவர். அதில் யன்னல் வைக்கவில்லை. நான் சொல்ல வந்ததைச் சொல்ல ஒரு வழி இருந்தது. அவர் கேட்கவேண்டும். அவர் கேட்டால் நான் உடைந்துவிடுவேன். 'தெரியாது சிஸ்டர். அண்டைக்கும் நான் சொல்லிப்போட்டு வரேல்லை' என்று காலில் விழுந்துவிடுவேன்.

"போட்டு வாறன் சிஸ்டர்" என்றேன்.

சொல்லிவிட்டு நின்றேன். கஞ்சி கொதித்துப் பொங்கி வந்தது. அவர் அகப்பையைக் கீழே வைக்கவில்லை. கண்ணாடிக்கு மேலால் பார்க்கவில்லை.

"ஓம் பிள்ளை" என்றார் சிஸ்டர். "போட்டு வா."

ஊர் முழுக்கச் சொல்லுகிற மறுமொழிதான் அது. நான் இன்னும் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தேன். அவர் அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டு, மறுபடி கிளறத் தொடங்கினார்.

நான் திரும்பிப் போகவில்லை.